அசையாத நீர்த்துளி

ஏழு வயதில் யுனுவெனை மறைக்கல்வி வகுப்பிலிருந்து வெளியே அனுப்பினார்கள். பெரிய குற்றம் ஒன்றுமில்லை. வயிறு முட்டத் தின்றுவிட்டு நற்கருணை வாங்கினால் உள்ளே ஆண்டவருக்கு மூச்சு முட்டும் என்று பாடம் சொல்லித்தந்த பெண்மணி சொல்ல, "அது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று எழுந்து நின்று கேட்டுவிட்டாள்.

அவளுடைய தாய் செனாய்தா, உருவாபான் ஊர் மார்க்கெட்டில் கொருந்தா விற்பவள். சோளமாவைத் தோகையில் பொதிந்து அவித்த அந்தக் கூடையை அப்படியே இறக்கி வைத்துவிட்டுக் கோயில் வாசலுக்கு வந்தாள்.

"தோமையாரும்தான் கேட்டாரு, காயத்தைக் காட்டுங்கன்னு. ஆண்டவர் அவர் கையைத் தட்டியா விட்டாரு? காட்டினாருல்ல? நீங்களும் காட்டுங்க. இல்லாட்டி பிள்ளைய உள்ள விடுங்க" என்றாள்.

உள்ளே விட்டார்கள். அடுத்த வாரமும் யுனுவென் அதே கேள்வியைக் கேட்டாள்.

அதோடு மகதலேனாள் பேட்டையில் அவளுக்கு 'எப்படித்தெரியும்' என்றே பேர் விழுந்துவிட்டது. "ஏ எப்படித்தெரியும், இன்னிக்கு மழை வருமா சொல்லு" என்று கிழங்கட்டைகள்கூட வம்புக்கு இழுக்கும். அப்பா அவள் கைக்குழந்தையாக இருக்கும்போதே எல்லை தாண்டி வடக்கே போனவர். பணம் வரும், ஆள் வரமாட்டார். பெண்ணுக்குப் பதினைந்து நடக்கையில் செனாய்தாவுக்கு வலத்தோள் பிடித்துக்கொண்டது. சிலுவை போடக்கூடக் கை நெற்றிக்கு ஏறவில்லை. சுகாதார நிலையத்துக்குப் பயிற்சிக்கு வந்திருந்த ஒரு பெண் மருந்து, ஊசி எதுவும் கொடுக்கவில்லை. சுவரில் விரல்களை நண்டுபோல் ஏறவிடச் சொன்னாள், அவ்வளவுதான். மெல்ல மெல்லக் கை ஏறியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசையில் தாய் முழுச் சிலுவை போட்டதைப் பக்கத்தில் நின்று பார்த்த யுனுவென், வீடு திரும்பும்போதே முடிவு செய்துவிட்டாள். பிசியோதெரபி படிப்பது என்று.

படித்தாள். கடைசி வருடத்தில் மொரேலியா நகரத்துக் கல்லூரி தன் பிள்ளைகளை நோயாளிகளிடம் அனுப்பிவைக்கும். ஒரு பருவம் முழுக்க ஒரு மையத்தில் வேலை பழக வேண்டும். அங்கே தலைமையில் இருப்பவர் 'தேறிவிட்டாள்' என்று கையெழுத்துப் போட்டால்தான் பட்டம். அனுப்பும் முன், பயிற்சியை மேற்பார்க்கும் எர்லிந்தா டீச்சர் ஒரு முக்காலியைத் தூக்கி மேசைமேல் வைத்தார்.

"ஒரு கால், ஆராய்ச்சி என்ன சொல்லுதுங்கறது. இன்னொண்ணு, உங்க கை பழகிப் பழகி என்ன கத்துக்கிச்சுங்கறது. மூணாவது, எதிர்ல படுத்திருக்கிற மனுஷனுக்கு என்ன வேணுங்கறது. எந்தக் காலை வெட்டினாலும் உக்கார்றவன் குப்புறத்தான் விழுவான்."

யுனுவென் முதல் காலை இறுகப் பற்றிக்கொண்டாள். மற்ற இரண்டும் தானாக வந்து சேரும் என்று நினைத்தாள்.

அவளுக்குக் கிடைத்தது சொந்த ஊரிலேயே ஒரு மறுவாழ்வு மையம். கதவு திறக்கும்போதே வாசலில் வரிசை நிற்கும். உள்ளே நீளக் கூடம், திரை போட்ட கட்டில்கள், மூலையில் ஒத்தடப் பைகள் ஊறும் வெந்நீர்த் தொட்டி. முதுகு என்று வந்தாலும் தோள் என்று வந்தாலும் முழங்கால் என்று வந்தாலும் முறை ஒன்றுதான். முதலில் ஒத்தடம், பிறகு கரண்ட் வைப்பது, கடைசியில் ஜெல்லைத் தடவி, ஒலியலையால் வலியைக் குறைக்கும் அல்ட்ராசவுண்ட் மிஷினின் தலையால் வட்டம் வட்டமாகத் தேய்ப்பது. நோயாளிகள் இதற்கு 'இஸ்திரி' என்று பேர் வைத்திருந்தார்கள்.

மையத்தின் தலைமை ஒஃபெலியா மேடம். இருபது வருடமாக அந்தக் கூடத்திலேயே நின்று கால் நரம்பு புடைத்தவர். முதல் நாளே யுனுவென் அவரிடம் போய் நின்றாள்.

"மேடம், எல்லாருக்கும் ஏன் ஒரே மாதிரி வைக்கிறோம்? முதுகுக்கு அசைவும் பயிற்சியும்தான் நல்லதுன்னு ஆராய்ச்சியில..."

"வாசல்ல எத்தனை பேர் நிக்கிறாங்கன்னு பாத்தியா?"

"பாத்தேன்."

"ஒவ்வொருத்தர்கிட்டயும் நின்னு பயிற்சி சொல்லிக்கொடுத்தா கடைசி ஆளு நாளைக்குத்தான் படுப்பான். ஒத்தடம் வச்சா ஆறு பேர் ஒரே நேரத்துல படுப்பாங்க. நீ படிச்ச பேப்பர்ல இந்த வாசல் இருக்கா?"

இல்லை என்று யுனுவெனுக்கும் தெரியும். ஆனால் வாசலில் கூட்டம் இருப்பது ஒத்தடம் நல்லது என்பதற்குச் சாட்சி ஆகாது. அதைச் சொல்ல வாயெடுத்தவளைக் கூடப் படிக்கும் உலீசெஸ் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான்.

"கையெழுத்து வாங்கற வரைக்கும் அந்த வாயை யாருக்காவது வாடகைக்கு விடேன்" என்றான்.

"யாரும் எடுக்க மாட்டேங்கறாங்களே."

ஏற்கெனவே பல நாள் இஸ்திரிக்கு வந்து போன கிரெசென்சியோ அந்த வாரம்தான் அவள் பொறுப்பில் வந்தார். அவகாடோ தோப்பில் காய் பறிப்பவர். பறித்ததைப் பெட்டி பெட்டியாகச் சரிவில் சுமந்து இறக்கி முதுகு போய்விட்டது. மேஸ்திரி அவருடைய மரங்களை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டான். மூச்சைப் பிடித்து இறுக்கிய அகலமான இடுப்புப் பெல்ட்டோடு வந்து கட்டிலில் குப்புறப் படுத்தார்.

"சட்டை ரொம்பக் கசங்கியிருக்கு அம்மாடி. நல்லா இஸ்திரி போடு."

யுனுவென் இஸ்திரி போடவில்லை. படித்ததை எல்லாம் கொட்டினாள். முதுகு கண்ணாடி இல்லை, உடைந்துவிடாது. பெல்ட்டைக் கழற்றுங்கள், தினமும் நடங்கள், இந்தப் பயிற்சிகளைச் செய்யுங்கள். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அடுத்த முறை பெல்ட்டோடுதான் வந்தார். அதற்கடுத்த முறை வரவே இல்லை. ஒரு வாரம் கழித்து மீசையைத் தடவிக்கொண்டு வந்து நின்றார்.

"பயிற்சி செஞ்சீங்களா ஐயா?"

"இல்ல."

"ஏன்?"

"நீ சொன்னே, நான் கேட்டுக்கிட்டேன். என்னைய நீ ஒரு வார்த்தை கேட்டியா?"

யுனுவெனுக்கு அப்போதுதான் உறைத்தது. கோயில் முதல் கல்லூரி வரை எல்லோரையும் கேள்வி கேட்டவள், தன் கைக்கு வந்த இந்த மனிதரை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சரி. கேக்கறேன். உங்களுக்கு என்ன வேணும்?"

அவர் திரையை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மகதலேனம்மா திருவிழா வருதில்ல. சப்பரத்துல முன்கொம்பு இடப்பக்கம் என்னுது. எங்கப்பனுக்கப்புறம் நான்தான். இனிமே நான் எதையும் தூக்கக்கூடாதுன்னு இங்க சொல்லிட்டாங்க. அதைக் காதுல வாங்கிக்கிட்டு என் மச்சான் பெலிசார்தோ இப்பவே தோளை நீட்டிக்கிட்டு நிக்கிறான். அவன் குள்ளன். அவன் தோள்ல அம்மா போனா கப்பல்ல போற மாதிரி ஒரு பக்கமா சாஞ்சுதான் போவா."

"அப்ப நடக்கிறது, குனியறது எல்லாம்?"

"நடந்து நான் என்ன செய்ய? தூக்கணும்."

மூன்றாவது கால் அன்றுதான் அவள் கைக்குக் கிடைத்தது. மையத்தின் பின்முற்றத்தில் காலிப் பெட்டி ஒன்றைப் போட்டாள். முதலில் அதைத் தூக்கவே அவருக்கு வியர்த்தது. வலியைவிடப் பயம்தான் அதிகம். பிறகு கறுத்துப்போன காய்களைக் கிடங்கிலிருந்து வாங்கிவந்து கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பினாள். பெல்ட்டைக் கழற்றச் சொல்வதை நிறுத்திக்கொண்டாள்.

"வலிக்குதா?"

"வலிக்குது. ஆனா முன்ன மாதிரி மிரட்டற வலி இல்ல. இது சும்மா முனகற வலி."

பெட்டி பாதிக்குமேல் நிறைந்த காலையில் ஒஃபெலியா மேடம் பின்கதவைத் திறந்துவிட்டார்.

"முதுகு போனவனை மூட்டை சுமக்க வைக்கிற வைத்தியத்தை இன்னிக்குத்தான் பாக்கறேன். நாளைக்கு இவரு விழுந்தா பதில் சொல்லப்போறது நீயா, நானா? உள்ள கூட்டிட்டுப் போய் அல்ட்ராசவுண்ட் வை."

யுனுவென் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனாள். பெரியவர்கள் சொன்னதைச் செய்வதில் ஒரு பாவமும் இல்லை என்று அவளும் நினைத்தாள். கிரெசென்சியோவைப் படுக்க வைத்து, ஜெல்லை எடுக்கும் முன் கல்லூரியில் பழக்கிய ஒன்றைச் செய்தாள். மிஷினின் தலையை மேல்பார்க்கத் திருப்பி, அதன்மேல் ஒரு துளி தண்ணீர் விட்டு, திருகை மெல்லக் கூட்டினால் துளி நடுங்கி, கொதிப்பதுபோல் பொங்கும். உள்ளேயிருந்து ஒலி வருகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். அந்த மையத்தில் யாருக்கும் அந்தப் பழக்கம் இல்லை. பச்சை விளக்கு எரியும், முடிந்ததும் மணி அடிக்கும், அதுவே போதும் என்று இருந்தார்கள்.

விளக்கு எரிந்தது. துளி அசையவில்லை.

திருகைக் கடைசிவரை கூட்டினாள். இலைமேல் பனித்துளி உட்கார்ந்திருப்பதுபோல் அது உட்கார்ந்திருந்தது. உலீசெஸைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"தண்ணி தூங்குது" என்றான் அவன். பிறகு முகம் மாறியது. "எப்பலேருந்து இப்படி?"

"அதுதான் யாருக்கும் தெரியாதே."

"தயவுசெஞ்சு உன் பேட்டைப் பேரை இங்க காப்பாத்தாத. ஜெல்லைத் தடவு, தேய், வா."

அவள் மிஷினைத் தள்ளிக்கொண்டு ஒஃபெலியா மேடத்தின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். நாலு பேர் முன்னால் சொல்லி அவரை அவமானப்படுத்தும் எண்ணம் அவளுக்கு இல்லை. மேடம் தானே ஒரு துளி விட்டுப் பார்த்தார். திருகை இரண்டு முறை கூட்டிக் குறைத்தார், துளி நடுங்கவில்லை. மிஷினை அணைத்துவிட்டு நாற்காலியில் தலை குனிந்து உட்கார்ந்தார். பாவம், அந்த நேரத்தில் அவரைப் பார்க்க யுனுவெனுக்கே இரக்கமாக இருந்தது. ஆனால் நிமிர்ந்தபோது மேடத்தின் குரல் பழையபடி ஆகியிருந்தது.

"பழுது பாக்கறவன் மொரேலியாவுலேருந்து வரணும். எப்ப வருவானோ. அதுவரைக்கும் வழக்கம்போல வை."

"செத்த மிஷினையா?"

"இத்தனை நாள் யாராவது குறை சொன்னாங்களா? நல்லாயிட்டுத்தானே போனாங்க?"

"அப்ப அவங்களை நல்லாக்கினது எது, மேடம்?"

மேடம் எழுந்தார். ஜன்னல் வழியாக வரிசையைக் காட்டினார். "இது வெளிய தெரிஞ்சா பாதிப் பேரு எலும்பை நீவி உருவுற நாட்டு வைத்தியன்கிட்ட ஓடிடுவான். அவன் முறிச்சு அனுப்பினா திரும்ப என் கட்டில்லதான் வந்து விழுவான். அவங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். வைக்கிறியா, இல்லையா?"

"வைக்க மாட்டேன்."

"கையெழுத்து என் கையில இருக்கு."

"தெரியும், மேடம்."

தெரியும்தான். அது இல்லாவிட்டால் கூடப் படித்தவர்களோடு பட்டம் இல்லை. ஒரு பருவம் திரும்ப முழுக்கச் செய்ய வேண்டும். படிப்பு முடிகிற பிள்ளைகளுக்கு நடக்கும் நன்றிப் பூசைக்குச் செனாய்தா ஏற்கெனவே பெண்ணின் பேரைக் கொடுத்தாயிற்று. உடுப்புத் துணி தையற்காரியிடம். பட்டம் வாங்கும் பிள்ளைக்கு ஊர் வழக்கப்படி ஞானத்தந்தையாக நிற்க மார்க்கெட்டுக் கசாப்புக்காரர் ஒத்துக்கொண்டு, புதுத் தொப்பியும் வாங்கிவிட்டார். இத்தனையும் அவள் நினைத்துப் பார்த்தாள். ஆனாலும் கட்டிலில் ஒரு மனிதர் சட்டையைத் தூக்கிக்கொண்டு நம்பிக்கையோடு குப்புறப் படுத்திருக்கிறார். அவர் முதுகில் உயிரில்லாத ஒன்றைத் தேய்த்துவிட்டு மருந்து என்று சொல்வதற்குப் பொய்ச்சாட்சி என்பதைத் தவிர வேறு பேர் இல்லை. அதைக் கையால் சொன்னாலும் வாயால் சொன்னாலும் ஒன்றுதான்.

திரும்பிவந்து திரையை விலக்கினாள்.

"எழுந்திருங்க ஐயா. இந்த மிஷின் வேலை செய்யல. எத்தனை நாளான்னு தெரியாது. இதுக்கு முன்ன உங்களுக்குத் தேச்சது வெறும் ஜெல்லு."

அந்தத் திரைகள் கண்ணைத்தான் மறைக்கும், காதை மறைக்காது. அடுத்த கட்டிலிலிருந்து தையற்காரி எதுவிஹெஸின் குரல் வந்தது.

"எனக்கு முட்டி நல்லாத்தானே ஆச்சு?"

"ஆச்சும்மா. எதனாலன்னுதான் தெரியல."

கிரெசென்சியோ உட்கார்ந்து சட்டையைக் கீழே இறக்கினார். "அடப்பாவமே. செத்தவனுக்குத் தினமும் நன்றி சொல்லிட்டுப் போயிருக்கேனே. ஒரு மெழுகுத்திரியாவது கொளுத்தியிருப்பேன்."

பாதிக் கூடம் சிரித்தது. மீதிப் பாதி சிரிக்கவில்லை. "எங்களை என்ன மாடுன்னு நெனச்சீங்களா?" என்று ஒருவர் ஒத்தடப் பையைத் தரையில் எறிந்தார். ஒஃபெலியா மேடம் கதவருகே வந்து நின்று, "வெளியே போ" என்று ஒரே வார்த்தையில் முடித்தார். யுனுவென் வெளியே போனாள். அந்த வார்த்தை அவளுக்குப் பழக்கமானதுதான்.

எர்லிந்தா டீச்சர் மொரேலியாவிலிருந்து பஸ் ஏறி வந்தார். செனாய்தாவின் அடுப்படியில் உட்கார்ந்து சூடான அதோலே கஞ்சியைக் குடித்துக்கொண்டே சமாதானம் பேசினார்.

"நீ சொன்னது சரி. ஆனா நோயாளிங்க முன்னால சொன்னது ஒஃபெலியாவுக்குத் தாங்கல. மன்னிப்பு எழுதிக்குடு, கையெழுத்து போடறேங்கறா."

"என்னன்னு எழுதணும்?"

"நான் தப்பாப் பாத்துட்டேன், மிஷின் நல்லாத்தான் இருந்துச்சுன்னு."

"கூட்டத்துல அவங்க மனசு நொந்ததுக்கு நூறு தடவை மன்னிப்பு கேக்கறேன் டீச்சர். வேணும்னா முழங்கால்ல நின்னு கேக்கறேன். ஆனா அந்தத் துளி அசைஞ்சுதுன்னு எழுத மாட்டேன்."

"ஒரு வரிதானே யுனுவென். பருவம் போயிடும்."

"போகட்டும். நீங்கதானே முக்காலியைத் தூக்கி மேசையில வச்சீங்க."

எர்லிந்தா டீச்சர் கஞ்சிக் கோப்பையைக் காலி செய்து கீழே வைத்தார். செனாய்தா இடையில் வரவில்லை. பெண்ணை ஒருமுறை பார்த்துவிட்டு, டீச்சரின் கோப்பையில் இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். அதுவே பதில்.

பருவம் போயிற்று.

நன்றிப் பூசையன்று செனாய்தா, தையற்காரி தைத்துக் கொடுத்த உடுப்பைப் பெண்ணுக்கு உடுத்திவிட்டு, கசாப்புக்காரரையும் புதுத் தொப்பியோடு அழைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனாள். உலீசெஸும் மற்றவர்களும் முன்வரிசையில். இவர்கள் மூவரும் கடைசி வரிசையில். "உன் பொண்ணு பேரு படிக்கலியே?" என்று யாரோ வேண்டுமென்றே கேட்டார்கள்.

"மத்தப் பிள்ளைங்களுக்கு நன்றி சொல்ல வந்தேன். எம்பொண்ணுக்கு அப்புறமா சொல்லிக்கிறேன். ஆண்டவர் எங்க போயிடப்போறாரு?" என்று சொல்லிவிட்டு, அன்று பாட்டுகளை எல்லோரையும்விட உரக்கப் பாடினாள்.

மையத்தைவிட்டு அனுப்பிய நாளிலிருந்து யுனுவென் யார் முதுகையும் தொடவில்லை. அந்த உரிமை அவளுக்கு இல்லை. ஆனால் கிரெசென்சியோ வீட்டு முற்றத்தில் பெட்டியின் கனம் ஏறிக்கொண்டே இருக்கிறது என்று மார்க்கெட்டில் பேச்சு இருந்தது. திருவிழாவன்று மேளமும் வெடியுமாக மகதலேனம்மாள் தெருவுக்கு வந்தபோது, முன்கொம்பு இடப்பக்கத்தில் அவர்தான். பெலிசார்தோ பின்னால் மெழுகுத்திரி பிடித்துக்கொண்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தான். சப்பரம் சாயவில்லை. தெருமுனையில் இறக்கி வைத்ததும் யுனுவென் கிட்டே போனாள். வெள்ளைச் சட்டைக்கு உள்ளே பெல்ட் புடைத்துக்கொண்டு தெரிந்தது.

"பெல்ட் எதுக்கு ஐயா?"

"அது உனக்கு வேணாம். எனக்கு வேணும்" என்றார், வியர்வையைத் துடைத்துக்கொண்டே.

உலீசெஸும் கூட்டத்தில் இருந்தான். அவள் காதருகே வந்து, "ஜெயிச்சிட்ட, எப்படித்தெரியும். ஒஃபெலியா மேடம் அதோ அந்த ஓரத்துல நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருக்காங்க. போய்க் காட்டு" என்றான்.

"என்னத்தைக் காட்ட? ஒரு ஆள் தூக்கினா அது ஆதாரமா? நான் ஒண்ணுமே செய்யாம இருந்திருந்தாலும் அவருக்குத் தானா சரியாயிருக்கலாம். செத்த மிஷின்லயும் ஆளுங்க குணமானாங்கல்ல, என் பெட்டிக்கு மட்டும் தனிச் சட்டமா?"

"உனக்கு எதிராவே நீ பேசற."

"அவங்களைக் கேட்ட கேள்வியை என்னைக் கேக்காம விட்டா அப்புறம் அது என்ன கேள்வி?"

அடுத்த பருவத்துக்கு எந்த மையம் வேண்டும் என்று கல்லூரியில் கேட்டார்கள். மொரேலியாவில் புதுக் கட்டிடம், புதுக் கருவிகள், எல்லாம் காட்டினார்கள். யுனுவென் உருவாபானையே கேட்டாள். திரும்ப ஒருமுறை கேட்டார்கள். திரும்பவும் அதையே சொன்னாள்.

முதல் நாள் காலையில் ஒஃபெலியா மேடம் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"உனக்கு வேற இடமே கிடைக்கலையா?"

"கிடைச்சுது மேடம். அங்க மிஷின் எல்லாம் நல்லா வேலை செய்யுதாம்."

மேடத்தின் உதடு ஒரு பக்கம் இழுத்தது. சிரிப்பா, எரிச்சலா என்று சொல்ல முடியாது. கூடத்துக்குள் நடந்தார். பழுது பார்த்த மிஷின் அங்கே இருந்தது. பக்கத்தில் ஒரு தம்ளர் தண்ணீர். மேடம் அதன் தலையை மேல்பார்க்கத் திருப்பி, தானே ஒரு துளி விட்டார். துளி நடுங்கிப் பொங்கியது. முதல் கட்டிலிலிருந்து எதுவிஹெஸ் எட்டிப் பார்த்தாள்.

"இன்னிக்கு ஞானஸ்நானம் ஆயிடுச்சா மேடம்? அப்ப நான் படுக்கலாமா?"

"படு, படு." மேடம் யுனுவென் பக்கம் திரும்பினார். "தினமும் பாக்கறேன். இப்ப வேலை செய்யுது. திருப்தியா?"

யுனுவென் துளியைப் பார்த்தாள். பின்கதவு திறந்திருந்தது. முற்றத்தில் அவள் விட்டுப்போன பெட்டி அதே இடத்தில் இருந்தது. பக்கத்தில் அவள் வைக்காத இன்னும் இரண்டு பெட்டிகள் இருந்தன. யார் வைத்தது என்று அவள் கேட்கவில்லை. கேட்க வேண்டியது வேறு இருந்தது.

"வேலை செய்யுது மேடம். ஆனா செத்துக்கிடந்தப்பவும் இவங்க முட்டி நல்லாச்சே. அப்ப இது எதுக்கு?"

கூடத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஒஃபெலியா மேடம் துணியை எடுத்து மிஷின் தலையைத் துடைத்தார்.

"வாசல்ல ஆளுங்க நிக்கிறாங்க. முதல்ல அவங்களைக் கூப்பிடு. அந்தக் கேள்வியைச் சாயங்காலம் கேளு."

"சாயங்காலம் கேக்கறேன் மேடம். நாளைக்கும் கேப்பேன்" என்று சொல்லிவிட்டு யுனுவென் கதவைத் திறக்கப் போனாள்.